பீரங்கி எட்டும் தூரத்தில் ஓர் ஊர்

மணிலாவின் பழைய கோட்டை நகரத்துக்கு இன்ட்ராமுரோஸ் என்று பெயர். அதற்குள் ஆண்டா தெருவும் கபில்தோ தெருவும் கூடும் முனையில் ‘பஹாய் சினோய்’ என்றோர் அருங்காட்சியகம் இருக்கிறது. சீன வம்சாவளிப் பிலிப்பினோக்கள் தங்களைச் சினோய் என்று அழைத்துக்கொள்கிறார்கள். பஹாய் என்றால் வீடு. 1999இல் திறக்கப்பட்ட இந்த வீட்டுக்குள் பழைய மணிலாவின் சீனக் கடைக்காரர்களும் கைவினைஞர்களும் ஆளுயரப் பொம்மைகளாக நிற்கிறார்கள். ஊரையே ஊட்டி உடுத்தி வைத்தவர்கள் அவர்கள்.

அந்த அருங்காட்சியகம் இருக்கும் தெருவின் பெயர் என்னை வெகுநேரம் அங்கேயே நிறுத்திவிட்டது. சிமோன் தே ஆண்டா 18ஆம் நூற்றாண்டின் ஸ்பானிய அதிகாரி. தீவுகளில் உள்ள சீனர்களைத் தூக்கிலிட ஆணையிட்டவர் என்று வரலாறு அவரை நினைவில் வைத்திருக்கிறது. அதற்கு முன்பும் பின்பும் நெடுங்காலம் இந்தக் கோட்டைக்குள் சீனர்கள் குடியிருக்க முடியாது. பகலில் வந்து விற்கலாம், தைக்கலாம், செதுக்கலாம். பொழுது சாய்ந்தால் வெளியே போய்விட வேண்டும். அப்படி வெளியே அனுப்பப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள், தங்கள் கதையைச் சொல்லக் கோட்டைக்குள்ளேயே, ஆண்டாவின் பெயர் கொண்ட தெருவிலேயே இடம் பிடித்திருக்கிறார்கள். பாசிக் ஆற்றின் வடகரையில் உள்ள சீனர் பகுதியான பினோண்டோவைப் பார்க்க விரும்புகிறவர்கள் முதலில் இங்கே வந்துவிட்டுப் பிறகு ஆற்றைக் கடக்க வேண்டும். அங்கே காணப்போகும் கூட்டத்துக்கும் கடைகளுக்கும் அடியில் என்ன இருக்கிறது என்பது அப்போதுதான் விளங்கும்.

ஸ்பானியர்கள் 1571இல் மணிலாவைத் தலைநகராக்கினார்கள். ஃபூஜியன் கரையிலிருந்து சீனக் கப்பல்கள் பட்டும் பீங்கானும் கொண்டுவந்தன. அந்தச் சரக்கு மணிலாவில் பெரிய பாய்மரக் கப்பல்களில் ஏறிப் பசிபிக் கடலைத் தாண்டி மெக்சிகோவின் அகபுல்கோவுக்குப் போனது. மெக்சிகோவின் வெள்ளி மணிலா வழியாகச் சீனாவுக்குத் திரும்பியது. இரண்டரை நூற்றாண்டு, 1815 வரை, இந்த ஊர் பிழைத்தது அந்த வணிகத்தில்தான். சரக்கோடு ஆட்களும் வந்தார்கள். ரொட்டி சுடுகிறவர், செருப்புத் தைக்கிறவர், கொத்தனார், தச்சர், மீன்காரர், மருத்துவர் என்று ஊருக்கு வேண்டிய அத்தனை வேலையும் அவர்கள் கைக்குப் போயிற்று. ஸ்பானியர்களைவிட அவர்கள் எண்ணிக்கை பல மடங்கு கூடியது. ஆளுநர்களுக்குப் பயம் வந்தது. சுவருக்கு வெளியே, கோட்டையின் பீரங்கிகள் எட்டும் தூரத்தில், பரியான் என்ற பேட்டையை ஒதுக்கி அவர்களை அங்கே குடிவைத்தார்கள். கலகம் என்றால் உடனே சுடுவதற்குத் தோதான தூரம் அது.

பினோண்டோ பிறந்த கதை இன்னும் கசப்பானது. 1593இல் மொலுக்கா தீவுகளைப் பிடிக்கப் படையோடு கிளம்பினார் ஆளுநர் கோமெஸ் பெரெஸ் தாஸ்மரினியாஸ். அவர் கப்பலுக்குத் துடுப்பு வலிக்கக் கட்டாயப்படுத்திக் கொண்டுவரப்பட்ட சீனர்கள், இரவில் எழுந்து அவரைக் கொன்றுவிட்டார்கள். அவர் மகன் லூயிஸ் ஆளுநரானார். தந்தையை இழந்த மறு ஆண்டு, 1594இல், அதே லூயிஸ்தான் பாசிக் ஆற்றின் வடகரையில் நிலம் வாங்கி, ஞானஸ்நானம் பெற்ற சீனர்களுக்குக் குடியிருப்பாகக் கொடுத்தார். பரியான் கிறிஸ்தவரல்லாத சீனர்களுக்கு. பினோண்டோ கிறிஸ்தவச் சீனர்களுக்கு. அக்கரையும் பீரங்கிக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. உலகின் மிகப் பழைய சைனாடவுன் என்று இன்று இதைக் கொண்டாடுகிறார்கள்.

ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. சீனப் பேரரசின் அதிகாரிகள் மூவர் மணிலாவுக்கு வந்து, இங்கே தங்க மலை இருப்பதாகக் கேள்விப்பட்டோம், பார்க்க வேண்டும் என்றார்கள். படையெடுப்புக்கு முன்னோட்டம் என்று ஸ்பானியர்கள் மிரண்டார்கள். நம்மைக் கொல்லப்போகிறார்கள் என்று சீனர்கள் மிரண்டார்கள். 1603இல் கலவரம் வெடித்தது. அதை அடக்கப் போனவர்களில் லூயிஸ் தாஸ்மரினியாஸும் ஒருவர். பினோண்டோவுக்கு நிலம் கொடுத்தவர் சீனர்களோடு நடந்த சண்டையில் மடிந்தார். பதிலுக்கு நடந்த வேட்டையில் கொல்லப்பட்ட சீனர்கள் 15,000 முதல் 25,000 வரை இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். எல்லாம் முடிந்தபின் ஊரில் உண்ண உணவில்லை, காலுக்குச் செருப்பில்லை என்ற நிலை வந்ததை, அதற்கு முன் மணிலாவில் பெரிய பதவியில் இருந்த அந்தோனியோ தே மோர்கா 1609இல் வெளிவந்த தன் நூலில் பதிந்திருக்கிறார். செய்து கொடுத்தவர்களைக் கொன்றுவிட்டால் யார் செய்து தருவார்கள்? சில ஆண்டுகளில் புதிய சீனர்கள் வந்தார்கள், வரவேற்கப்பட்டார்கள். 1639இல் மறுபடி கொலை. 1662இல் மறுபடி.

இந்தச் சுழற்சியை மனத்தில் வாங்கிக்கொண்டால் பினோண்டோவின் குணம் புரியும். ஒரு சமூகம் இல்லாமல் ஊர் நடக்காது. அதனாலேயே அந்தச் சமூகத்தைக் கண்டு ஊர் அஞ்சுகிறது. தேவையும் அச்சமும் ஒரே வேரிலிருந்து வளர்கின்றன.

ஆற்றைக் கடக்க ஜோன்ஸ் பாலத்தைத் தேர்ந்தெடுத்தேன். 1945 போரில் தகர்ந்து, மீண்டும் கட்டப்பட்டு, 2019இல் பழைய அலங்கார விளக்குகளோடு புதுப்பிக்கப்பட்ட பாலம். கீழே பாசிக் கலங்கலாக ஓடுகிறது. ஆகாயத்தாமரைத் திட்டுகள் மிதந்து போகின்றன. அக்கரையில் நட்புறவு வளைவு. அதைத் தாண்டியதும் தலைக்குமேல் மின்கம்பிகள் நெருங்கிவிடுகின்றன, நடைபாதை கடைக்குள் போய்விடுகிறது, சரக்கு வண்டிகளுக்கு நடுவே கலேசா என்னும் குதிரை வண்டிகள் புகுந்து வருகின்றன.

முனையில் நின்ற வண்டிக்காரர் என்னைப் பார்த்ததும், “பாஸ், பொம்பாயா?” என்று கேட்டார். இந்தியர் யாராக இருந்தாலும் மணிலாவில் பொம்பாய்தான். அந்தப் பெயரோடு ஒரு தொழிலும் ஒட்டியிருக்கிறது: மோட்டார் சைக்கிளில் வீடு வீடாக, கடை கடையாகப் போய் வட்டிக்குக் கொடுக்கும் பஞ்சாபிகள். ஐந்து வாங்கினால் ஆறு திருப்பித் தர வேண்டும். வங்கி ஏறெடுத்தும் பார்க்காத சின்ன வியாபாரிக்கு அவசரத்துக்குக் கைகொடுக்கிறவர் அவர். அடம்பிடிக்கும் குழந்தையை மிரட்ட அம்மாக்கள் எடுக்கும் பெயரும் அவருடையதுதான். நான் சிரித்தபடி ஆமாம் என்றேன். சீனர்களின் நானூறு ஆண்டுக் கதையில் நம் ஊர்க்காரர்களுக்கும் ஒரு சிறு அத்தியாயம் உண்டு என்பது அந்த ஒரு கேள்வியில் தெரிந்தது.

சதுக்கத்தை ஒட்டி நிற்கிறது பினோண்டோ தேவாலயம். டொமினிக்கன் துறவிகள் 1596இல் தொடங்கிய கோவில். கற்கட்டடமாக நிலைபெற்றது 19ஆம் நூற்றாண்டில். 1944 செப்டம்பரில் அமெரிக்க விமானக் குண்டுவீச்சில் உள்ளே இருந்ததெல்லாம் எரிந்து போயிற்று. எண்கோண மணிக்கோபுரம் அடுக்கடுக்காக ஏறி இன்றும் நிற்கிறது. நிமிர்ந்து பார்க்கிறவர்களுக்குச் சீனத்துப் பகோடா நினைவுக்கு வராமல் போகாது.

இங்கே பலிபீடச் சிறுவனாக இருந்தவர் லொரென்சோ ரூயிஸ். தந்தை சீனர், தாய் தகாலோகு இனப் பெண். படித்து எழுத்தராக வேலை பார்த்தார். மணமாகிப் பிள்ளைகளும் பிறந்தார்கள். 1636இல் அவர்மீது கொலைப் பழி விழுந்தது. தப்புவதற்காகத் துறவிகள் சிலரோடு கப்பலேறினார். அது கிறிஸ்தவர்களை வேட்டையாடிக்கொண்டிருந்த ஜப்பானுக்குப் போகும் கப்பல். நாகசாகியில் தலைகீழாகத் தொங்கவிட்டு வதைத்தார்கள். மதத்தைக் கைவிட்டால் விட்டுவிடுகிறோம் என்றபோது மறுத்து, 1637இல் உயிர்விட்டார். 1981இல் போப் இரண்டாம் ஜான் பால் மணிலாவுக்கே வந்து அவருக்கு முக்திப்பேறு பட்டம் அளித்தார், 1987இல் புனிதரானார். பிலிப்பைன்ஸின் முதல் புனிதர் ஒரு சீனரின் மகன். 1663இல் பிறந்து, உள்ளூர்ப் பெண்களுக்கென்று முதல் கன்னியர் இல்லத்தைத் தொடங்கிய இக்னாசியா தெல் எஸ்பிரித்து சாந்தோவும் சீனத் தந்தைக்குப் பினோண்டோவில் பிறந்தவர்தான்.

இவர்களைப் போன்ற கலப்பு மணப் பிள்ளைகளே பினோண்டோவின் பெரிய விளைச்சல். ஃபூஜியனிலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் தனி ஆண்கள். ஞானஸ்நானம் பெற்று உள்ளூர்ப் பெண்ணை மணந்தால் தங்கலாம், தொழில் செய்யலாம். பிள்ளைகள் தாய்மொழி பேசி, தாயின் கோவிலில் வளர்ந்தார்கள். தந்தையிடம் வியாபாரம் கற்றார்கள். ஸ்பானிய அரசு அவர்களைத் தனி வகுப்பாகப் பதிந்து தனி வரி போட்டது. 19ஆம் நூற்றாண்டில் நிலமும் படிப்பும் சேர்த்த அந்த வகுப்பிலிருந்துதான் ‘நாங்கள் பிலிப்பினோ’ என்று முதலில் எழுதிப் பேசியவர்களில் பலர் வந்தார்கள். தேசிய வீரர் ஹோசே ரிசாலின் தந்தைவழி மூதாதை ஃபூஜியனிலிருந்து வந்த குடியேறி. ஸ்பானிய ஆட்சியை உலுக்கிய ரிசாலின் 1887ஆம் ஆண்டு நாவல் ‘நோலி மே தாங்கெரே’ தொடங்குவதே பினோண்டோவின் அன்லோவாகே தெருவில் ஒரு விருந்து வீட்டில். ஸ்பானியருக்கு எதிரான புரட்சியைத் தொடங்கிய ஆந்த்ரேஸ் பொனிஃபாசியோ, கிரெகோரியா தே ஹெசூசைக் கைப்பிடித்ததும் இந்தத் தேவாலயத்தில்தான். எந்த ஊரைப் பீரங்கிக்கு அடியில் வைத்தார்களோ, அந்த ஊரின் பிள்ளைகள் ஒரு தேசத்தைக் கற்பனை செய்தார்கள்.

சென்னையிலிருந்து போகும் எவராலும் இங்கே 1762ஐ நினைக்காமல் இருக்க முடியாது. சென்னைப்பட்டணத்துக்கும் மணிலாவுக்கும் அதற்கு முன்பே துணி வணிகம் இருந்தது. ஸ்பானியர்கள் ஆங்கிலேயரை மணிலாவில் விடமாட்டார்கள் என்பதால் ஆர்மீனிய வணிகர்கள் பெயரில் கப்பல்கள் போய்வந்தன. மணிலாவில் வணிகம் செய்து சென்னைக்கு வந்து குடியேறிய ஆர்மீனியர் கோஜா பெட்ரஸ் உஸ்கான், 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே மர்மலாங் பாலத்தைக் கட்டிக் கொடுத்தவர். பிரிட்டனுக்கும் ஸ்பெயினுக்கும் போர் மூண்டதும் வணிகம் போன வழியிலேயே படையும் போனது. வில்லியம் டிரேப்பர் தலைமையில் 1762 ஆகஸ்டு தொடக்கத்தில் சென்னையிலிருந்து கிளம்பிய கப்பல்களில் 600க்கும் மேற்பட்ட சிப்பாய்கள் இருந்தார்கள். அக்டோபரில் இன்ட்ராமுரோஸின் சுவர் பிளந்தது. சென்னைக் கவுன்சிலைச் சேர்ந்த டாசன் டிரேக் மணிலாவின் ஆளுநராக உட்கார்ந்தார்.

சீனர்களில் பலர் ஆங்கிலேயர் பக்கம் சாய்ந்தார்கள். இரு நூற்றாண்டு அடிபட்டவர்கள் வேறு எந்தப் பக்கம் சாய்வார்கள்? நகரத்துக்கு வெளியே இருந்து எதிர்த்துப் போரிட்ட ஆண்டா அதற்குக் கொலையால் பதில் சொன்னார். 1764இல் ஆங்கிலேயர்கள் கப்பலேறிப் போனார்கள். சீனர்கள் போக இடமில்லாமல் நின்றார்கள். துரோகிகள் என்று பெருந்தொகையானோரை நாடு கடத்த உத்தரவு வந்தது. அதன்பிறகும் சில ஆண்டுகளில், அவர்கள் இல்லாமல் சந்தை நடக்கவில்லை என்று அரசு திரும்ப அழைத்தது.

சென்னைச் சிப்பாய்களில் ஒரு பகுதியினர் கப்பலேறவே இல்லை. மணிலாவுக்குக் கிழக்கே கயிந்தா என்ற ஊர்ப்பக்கம் தங்கி, அங்கேயே மணமுடித்து, அந்த மண்ணோடு மண்ணாகக் கலந்துவிட்டார்கள். அவர்கள் வழியில் வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் இன்றும் அங்கே உண்டு. சிப்பாய்கள் எண்ணிக்கையில் சிறியவர்கள். அவர்கள் கையில் சந்தை இல்லை. ஆகவே யாரும் அவர்களைக் கண்டு அஞ்சவில்லை; அவர்கள் அந்நியர் என்பதையே ஊர் மறந்துவிட்டது. பினோண்டோக்காரர்களுக்கு அந்த மறதி வாய்க்கவில்லை.

தேவாலயத்தின் பக்கத்திலிருந்து தொடங்குகிறது ஓங்பின் தெரு. நகைக் கடைகள், வேரும் காளானும் காய்ந்த கடற்குதிரையும் நிறைந்த சீன மருந்துக் கடைகள், ஊதுபத்தியும் காகிதப் பணமும் விற்கும் பூசைக் கடைகள். தெருவுக்குப் பெயர் தந்த ரோமான் ஓங்பின் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓவியப் பொருட்கள் விற்றவர். பேரம் இல்லாமல் எல்லோருக்கும் ஒரே விலை என்ற வழக்கத்தைக் கொண்டுவந்தவர் என்று அவரைச் சொல்கிறார்கள். புரட்சிக்குப் பணம் கொடுத்தார். இறந்தபின் தன் உடலுக்குப் பிலிப்பினோக்களின் பாரோங் சட்டையை அணிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். 1915இல் தெரு அவர் பெயரைப் பெற்றது.

இந்தத் தெருப் பக்கம் ஒரு மூலையில் சுவரோடு சேர்ந்து ஒரு சிலுவை இருக்கிறது. சாந்தோ கிறிஸ்தோ தே லோங்கோஸ் என்பார்கள். பேச முடியாத சீனர் ஒருவர் கிணற்றில் சிலுவையைக் கண்டெடுத்துப் பேச்சு வரப்பெற்றார் என்பது தலபுராணம். மூலச் சிலுவை தேவாலயத்துக்குள் இருக்கிறது. கிணறு இருந்ததாகச் சொல்லப்படும் இடத்தில் இந்தச் சன்னிதி. சற்று நேரம் ஓரமாக நின்று பார்த்தேன். சிலுவையில் சம்பகீதா மாலை, நம் மல்லிகையின் இனம், அடுக்கடுக்காகத் தொங்குகிறது. முன்னால் மணல் நிரப்பிய சட்டியில் ஊதுபத்திக் கட்டுகள் புகைகின்றன. அலுவலகச் சீருடையில் வந்த பெண் நெற்றியில், மார்பில், தோள்களில் சிலுவைக் குறி போட்டுவிட்டு, மூன்று ஊதுபத்திகளை இரு கைகளாலும் நெற்றிக்கு நேரே உயர்த்தி மூன்று முறை குனிந்தாள். பிறகு பையை மாட்டிக்கொண்டு வேகமாக நடந்தாள். அடுத்து வந்த மூட்டைத் தொழிலாளி சுமையை இறக்காமலே சிலுவையின் அடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எந்த மதத்து வழிபாடு இது என்று அங்கே யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஆளுநர் மதத்தை நிபந்தனையாக வைத்தார். மக்கள் அதை ஏற்றுக்கொண்டு, தங்கள் ஊதுபத்தியையும் கைவிடாமல் வைத்துக்கொண்டார்கள். நானூறு ஆண்டு வரலாற்றில் பினோண்டோ செய்த மிக அழகான சமரசம் இந்த மணல் சட்டியில் இருக்கிறது.

சாப்பாட்டுக்கு இந்தத் தெருவில் பஞ்சமில்லை. கால்வாயை ஒட்டிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. தொட்டியில் நண்டும் மீனும் தவளையும் உயிரோடு கிடக்க, கை காட்டினால் வாணலிக்குப் போகும். சந்து ஒன்றுக்குள் இருந்த சிறு கடையில் லும்பியா செய்கிறவரை எதிரில் உட்கார்ந்து கவனித்தேன். மெல்லிய கோதுமைத் தோலை விரித்தார். அதன்மேல் ஓர் இலைக்கோசு இலை. பொடியாக நறுக்கி வதக்கிய முட்டைக்கோசு, காரட், பீன்ஸ், டோஃபு. அதன்மேல் சர்க்கரை கலந்த வேர்க்கடலைப் பொடி, பொரித்த கடற்பாசித் துணுக்குகள், நசுக்கிய பூண்டு. ஒரு விரலால் ஓரத்தை மடித்து, உள்ளங்கையால் ஒரே உருட்டு. “கூடக் கொஞ்சம் பூண்டு போடுங்கள், ஆத்தே” என்று பக்கத்து மேசைப் பையன் கேட்டான். ஆத்தே என்றால் அக்கா. தகாலோகு பேசுகிறவர்கள் வீட்டிலும் கடையிலும் அக்காவை அழைக்கும் அந்தச் சொல், ஹொக்கியன் சீனத்திலிருந்து வந்தது. இந்த நாட்டு மக்கள் அனைவரும் அன்றாடம் உண்ணும் பன்சித் நூடுல்ஸும் லும்பியாவும் அதே வழியில் வந்தவை.

ஹோப்பியா என்ற தின்பண்டமும் இங்கே பெயர்பெற்றது. உதிர் உதிரான மாவுக்கூட்டுக்குள் பாசிப்பருப்பை அரைத்து இனிப்பாக்கி வைத்துச் சுடுகிறார்கள். கடித்தால் சுழியத்தின் பூரணம் நாவில் நினைவு வரும். 1912இல் தொடங்கிய எங் பீ தின் என்ற கடையை நொடித்த நிலையில் கையில் எடுத்த ஜெரி சுவா, பருப்புக்குப் பதில் ஊபே வைத்துப் பார்த்தார். ஊபே நம் ராசவள்ளிக்கிழங்கு. பிலிப்பினோக்கள் உயிராக நேசிக்கும் ஊதாநிறக் கிழங்கு. சீனத்துப் பண்டம், உள்ளூர்க் கிழங்கு. ஊபே ஹோப்பியா நாடெங்கும் பரவிக் கடை நிமிர்ந்தது. அந்தக் கடைப் பணம் பிறகு எங்கே போயிற்று என்பதற்கு இந்தக் கட்டுரையின் முடிவில் வருகிறேன்.

ஓங்பினுக்குத் தெற்கே, ஆற்றை ஒட்டி, எஸ்கோல்தா தெரு. நாட்டின் முதல் திரைப்படக் காட்சி நடந்தது இங்கே, 1897இல். அமெரிக்கர் ஆட்சியில் இந்த ஒரு தெருவில் வங்கிகள், கடிகாரக் கடைகள், துணிக்கடைகள், பங்குச் சந்தை எல்லாம் கூடின. மணிலாக்காரர்கள் நல்ல உடை உடுத்தாமல் எஸ்கோல்தாவுக்கு வரமாட்டார்கள் என்று முதியவர்கள் சொல்வதுண்டு. புகழ்பெற்ற ஓவியர் ஹுவான் லூனாவின் மகன் ஆந்த்ரேஸ் லூனா தே சான் பெத்ரோ கட்டிய பெரெஸ்-சமானில்யோ கட்டடம் 1928இலிருந்து நிற்கிறது. அவரே கட்டிய கண்ணாடி மாளிகையான கிரிஸ்டல் ஆர்கேட் 1945 போரில் சிதைந்து, பின்னர் இடிக்கப்பட்டது. அந்த ஆண்டு பிப்ரவரியிலும் மார்ச்சிலும் நடந்த மணிலாச் சண்டையில் ஏறத்தாழ ஒரு லட்சம் பொதுமக்கள் இறந்தார்கள். தெரு மீண்டெழுந்தது, ஆனால் 1960களில் வங்கிகளும் நிறுவனங்களும் மக்காத்தி என்ற புதிய வணிகப் பகுதிக்குப் பெயர்ந்தன.

இன்று எஸ்கோல்தாவில் நடந்தால் வெறிச்சோடிய முகப்புகள், ஜன்னலில் முளைத்த அரசங்கன்றுகள், இடையிடையே இளம் ஓவியர்களும் வடிவமைப்பாளர்களும் தொடங்கிய சிறு கடைகள். 1914இல் ஆற்றங்கரையில் எழுந்த எல் ஹோகார் கட்டடத்தை இடித்துவிடுவார்களோ என்ற அச்சம் சில ஆண்டுகளுக்கு முன் எழுந்தபோது, பாரம்பரிய ஆர்வலர்கள் போராடினார்கள். அவர்கள் போராடியது நியாயம். பக்கத்துத் தெருக்களில் கண்ணாடி அடுக்குமாடிகள் முளைத்துக்கொண்டே இருக்கின்றன. பினோண்டோவில் நிலத்தின் விலைதான் இப்போது பீரங்கி. போரும் நிலநடுக்கமும் விட்டுவைத்ததை அது சத்தமில்லாமல் தகர்த்துவிடும். அரசு ஒரு கட்டடத்துக்குப் பலகை வைத்தால் போதாது. அதன் உரிமையாளர் அதை வைத்துப் பிழைக்கவும் வழி செய்ய வேண்டும்.

ஸ்பானியர்கள் போனபின் சீனர்களின் நிலை மாறியதா? 1902இல் அமெரிக்கர்கள் தங்கள் நாட்டின் சீனர் தடைச் சட்டத்தை இங்கும் நீட்டித்தார்கள். 1921இல் கணக்குப் புத்தகங்களைச் சீன மொழியில் எழுதக்கூடாது என்று ஒரு சட்டம் வந்தது. பினோண்டோ வணிகர்கள் பணிந்துவிடவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், 1926இல் வென்றார்கள். நாடு விடுதலை பெற்றபின் 1954இல், குடியுரிமை இல்லாதவர்கள் சில்லறை வணிகம் செய்யக்கூடாது என்று சட்டம் வந்தது. குடியுரிமையோ எளிதில் கிடைக்காது. வழக்கறிஞருக்கும் அலுவலகத்துக்கும் செலவழிக்கப் பெரும் பணம் வேண்டும். மூன்று தலைமுறையாக அதே தெருவில் கடை வைத்திருந்தவர் சட்டத்தின் கண்ணில் அந்நியராகவே இருந்தார். 1975இல், பெய்ஜிங்குடன் தூதரக உறவு தொடங்குவதற்கு முன்னர், அதிபர் மார்கோஸ் குடியுரிமை நடைமுறையை எளிதாக்கினார். அப்போதுதான் ஆயிரக்கணக்கானோர் சட்டப்படி பிலிப்பினோ ஆனார்கள். பினோண்டோ தொடங்கி அன்றைக்கு 381 ஆண்டுகள் ஆகியிருந்தன.

குடியுரிமை வந்தபின்னும் அச்சம் போய்விடவில்லை; இம்முறை அது இவர்கள் பக்கம் வந்தது. 1990களில் பணத்துக்காகச் சினோய்களைக் கடத்துவது தொடர்கதையானது. 1993 ஜனவரியில் கடத்தப்பட்ட 15 வயது மாணவி ஒருத்தி, காவலர்களுக்கும் கடத்தல்காரர்களுக்கும் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இறந்தாள். அவள் இறுதி ஊர்வலம் பெரும் கண்டனப் பேரணியானது. பணம் கொடுத்துவிட்டு வாய்மூடி இருப்பதே வழி என்று பழகியிருந்த சமூகம் தெருவில் இறங்கிற்று. தெரசிட்டா ஆங் சீ என்ற பெண்மணி முன்னின்றார். அவரும் நண்பர்களும் 1987இல் தொடங்கிய காயிசா அமைப்புதான் கோட்டைக்குள் அந்த அருங்காட்சியகத்தையும் எழுப்பியது.

எங் பீ தின் கடையின் மாடியில் காபிக் கடை ஒன்று இருக்கிறது. அதன் வருமானம் தன்னார்வத் தீயணைப்புப் படைக்குப் போகிறது. ஜெரி சுவாவே தீயணைப்பு வீரர். ராசவள்ளிக்கிழங்கு நிறத்தில், ஊதா வண்ணத்தில் தீயணைப்பு வண்டிகள் மணிலாவில் ஓடுவது அதனால்தான். இது ஒரு கடைக்காரரின் தனி ஆசை அல்ல. மரமும் ஓலையும் நெருங்கிய இந்த ஊரில் தீ அடிக்கடி வந்தது. அரசின் வண்டி வரும் என்று காத்திருக்கக்கூடாது என்று சீன வணிகர்கள் தாங்களே படைகளைத் திரட்டினார்கள். பள்ளிக்கூடம், மருத்துவமனை, இடுகாடு எல்லாமும் அப்படித்தான் எழுந்தன. கொடுக்காத கைகளை எதிர்பார்ப்பதை விட்டுத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். பகலில் நகைக்கடையில் தராசு பிடிக்கிறவர், இரும்புக் கடையில் பில் போடுகிறவர், மணி அடித்ததும் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு ஓடுகிறார். பெரும்பாலும் ஓடுவது தோண்டோ போன்ற ஏழைப் பகுதிகளின் நெருக்கமான குடிசைகளுக்குத்தான்.

இப்போது மறுபடியும் காற்று மாறியிருக்கிறது. தென்சீனக் கடலில் சீன அரசுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் மோதல் முற்றியிருக்கிறது. சீனாவிலிருந்து வந்து இயங்கிய இணையச் சூதாட்ட நிறுவனங்கள் செய்த குற்றங்கள் அம்பலமாகி, 2024 ஜூலையில் அவற்றைத் தடை செய்வதாக அரசு அறிவித்தது. அந்தக் கோபத்தில் ஒரு பங்கு, அதோடு எந்தத் தொடர்பும் இல்லாத சினோய்கள்மீதும் படுகிறது. நீ எந்தப் பக்கம் என்ற பழைய கேள்வி திரும்பக் கேட்கிறது. கேட்கிறவர்கள் பினோண்டோவின் வரலாற்றைப் படிக்க வேண்டும். இந்த மக்களைச் சந்தேகித்துக் கொன்றபோதும் விரட்டியபோதும் மணிலா ஒருமுறைகூட எதையும் பெறவில்லை. இழந்ததைத் திரும்பப் பெறவே ஒவ்வொரு முறையும் ஆண்டுகள் பிடித்தன. அவர்கள் எந்தப் பக்கம் என்பதற்கு அன்றாடம் பதில் கிடைக்கிறது: எரியும் வீடு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் ஊதா வண்டி ஓடுகிறது. அதற்குமேல் ஒரு சமூகத்திடம் கேட்க எந்த நாட்டுக்கும் உரிமையில்லை.